யாரும் கூப்பிடாத நேரம்

எனது இரண்டாவது சிறுகதைத் தொகுதியை எஹலியகொடவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வெளியிட்டோம். நயவுரை நிகழ்த்திய நண்பர், "பகல் முழுக்கக் கடையில் நிற்கிறார், நான்கு பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கிறார், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். இத்தனைக்கும் நடுவே எழுத இவருக்கு எங்கிருந்துதான் நேரம் கிடைக்கிறதோ" என்று வியந்தார். ஏற்புரையில் நானும் சளைக்கவில்லை. எழுத வேண்டும் என்ற தாகம் இருந்தால் நேரம் தானாகவே வந்துசேரும் என்றேன். நல்ல கைதட்டல்.

அன்றிரவு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் ராத்தா கேட்டார்: "நேரம் தானா வருமெண்டு செல்லுறியே தம்பி, எனக்கெண்டா ஒருநாளும் வரல்லயே."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ராத்தா ஒரு காலத்தில் எழுதியவர். எழுபதுகளின் நடுப்பகுதியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபன முஸ்லிம் சேவையின் மாதர் மஜ்லிஸ் நிகழ்ச்சிக்கு அவர் எழுதிய கவிதைகளையும் சிறு உரைகளையும் தபாற் கந்தோரில் சேர்ப்பித்தவன் நான். முத்திரைக்கு வாப்பாவின் லாச்சியிலிருந்து காசெடுத்தவனும் நானே. எங்கள் குடும்பத்தின் முதல் எழுத்தாளர் அவர்தான். விழா மேடையில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகே நமது இலக்கிய வரலாற்றை நான் வேறுவிதமாக வாசிக்கத் தொடங்கினேன். யார் என்ன எழுதினார், எந்த ஆண்டில் வெளிவந்தது, யார் அணிந்துரை வழங்கினார் என்பதையெல்லாம் அழகாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு எழுதினார், அப்போது அடுப்பை யார் பார்த்தார், வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால் யார் எழுந்து போனார் என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டுப் பார்க்கும் ஒரு முயற்சியே இது.

முதலில் எங்கள் ஊரின் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குப் போகும் பாதையில் எஹலியகொட இருக்கிறது. 1912இல் களனிவெளிப் புகையிரதப் பாதை இரத்தினபுரி வரை நீண்டபோது எங்கள் ஊர் வழியாகவும் வண்டி ஓடியது. எழுபதுகளில் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். சுற்றிவர இறப்பர் தோட்டங்கள். தேயிலை மலையிலும் இறப்பர் காட்டிலும் நாள் ஒரே மாதிரி ஓடுவதில்லை. தேயிலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் காலைப் பெரட்டில் தொடங்கி மாலை நிறுவை வரை நீளும். இறப்பரில் விடியற்காலையிலேயே பால் வெட்டத் தொடங்கவேண்டும். வெயில் ஏறுமுன்புதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். சிரட்டைகளில் சேர்ந்ததை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வேலையின் பெரும்பகுதி நண்பகலோடு முடிந்துவிடும். மழை பெய்தால் வெட்டே இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். எங்கள் பகுதியோ இலங்கையில் மழை அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று.

மழை நாளில் தோட்டத்துச் சனத்துக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் என் கடைக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் எனக்கு எழுத நேரம். என் முதல் தொகுதியின் கதைகளில் பாதிக்குமேல் மழை நாட்களில், காசு லாச்சிக்குப் பக்கத்தில், கடன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதப்பட்டவை. முன்பக்கத்தில் தோட்டத்துக் குடும்பங்களின் அரிசி, மா, மண்ணெண்ணெய்க் கணக்கு, பத்தாம் திகதிச் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கு. பின்பக்கத்தில் அதே குடும்பங்களைப் பற்றிய என் கதை. இதைப் பெருமையாகப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். எனக்கு நேரம் கிடைத்த நாளெல்லாம் அவர்கள் கூலி இழந்த நாள் என்பதை அப்போது நான் யோசித்ததில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். நமது நவீன எழுத்தின் முன்னோடியான அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838 - 1898) கண்டியில் வழக்கறிஞர். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1884இல் கொழும்பில் பாடசாலை முயற்சி. 1885இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்', இலங்கைத் தமிழின் முதல் நாவல். மூன்று ஆண்டுக்குள் இத்தனையும், அதுவும் வழக்குகளுக்கு நடுவே. இதை நாம் ஓர் அற்புதம்போலப் பேசிவருகிறோம். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் முன்சீப்பாக இருந்தவர். ஆக இரண்டு முதல் நாவல்களும் நீதிமன்ற வாசலிலிருந்தே வந்திருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்தவர்கள், ஆகவே நாவல் எழுதினார்கள் என்பது வழக்கமான விளக்கம். அது சரிதான். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நீதிமன்றத்தில் ஒரு நல்ல வழக்கமுண்டு: பெயர் கூப்பிடும்வரை யாரும் உள்ளே வரமுடியாது. வழக்கறிஞரின் கந்தோரிலும் வந்தவரை வாசலில் நிறுத்திவைக்க ஓர் ஆள் இருப்பார். சில்லறைக் கடைக்காரனுக்கு அந்த வசதி இல்லை.

கல்விமான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபர். அவரது 'இலங்கையில் இஸ்லாம்' வெளிவந்தது 1963இல். 'மிஸ்ரின் வசியம்' 1967இல். 'தமிழ் யாத்திரை' அதற்கடுத்து. அதிபராக இருந்த காலத்தில் அவர் பேசாத மேடையில்லை, எழுதாத சிறப்பு மலரில்லை என்னும்படி உழைத்தவர். ஆனால் ஒரு நூலாக உட்கார்ந்து எழுதிய தமிழ் நூல்கள் அந்தக் கதிரையை விட்டு எழுந்த பிறகே வந்தன. அதன்பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. எனினும் அதிபர் அறை என்பது நாள் முழுக்கத் திறந்திருக்கும் கதவு. பெற்றோர் வருவர், ஆசிரியர் வருவர், அமைச்சரின் ஆள் வருவார். உரையை அந்த அறையிலிருந்தே தயாரிக்கலாம். நூலை முடியாது போலும்.

எகிப்தின் நஜீப் மஹ்பூஸ் இதற்கு நேரெதிர். 1934 முதல் 1971 வரை, முப்பத்தேழு ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். வக்பு அமைச்சிலும் இருந்தார். கண்ணில் ஒருவித ஒவ்வாமை, வெயில் காலத்தில் எழுத விடாது. ஆகவே ஆண்டில் பாதி மாதங்கள்தாம் அவருக்கு எழுத்து மாதங்கள். அந்தப் பாதியிலும் அலுவலகம் விட்டு வந்தபின் கிடைக்கும் குறித்த சில மணித்தியாலங்கள். அதை வைத்துத்தான் கெய்ரோ முந்நூல்களை எழுதினார். 1988இல் நோபல் பரிசும் பெற்றார். நமது கூட்டங்களில் இந்தக் கதையை ஒழுக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: திருமணம் எழுத்துக்கு இடையூறு என்று கருதி நாற்பத்து மூன்று வயதுவரை, 1954 வரை, அவர் மணமுடிக்கவில்லை. முந்நூல்களை 1952இலேயே எழுதி முடித்துவிட்டார். அவருக்கு நேரம் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்தக் குறைந்த நேரத்தில் அவரைக் கூப்பிட யாருக்கும் உரிமை இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எழுத்துக்குத் தேவை நீளமான நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீளம் அல்ல, யாரும் கூப்பிடாத நேரம். வர்ஜீனியா வுல்ப் 1929இல் பெண் எழுத்தாளருக்கு வருமானமும் தனி அறையும் வேண்டும் என்று எழுதியபோது அந்த அறைக்குப் பூட்டும் வேண்டும் என்றதை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். அறை எங்கள் வீடுகளிலும் உண்டு. பூட்டினால் வீடே கூடிவிடும்.

கூப்பிடும் குரலையே எழுத்தாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். டொமினிக் ஜீவா (1927 - 2021) யாழ்ப்பாணத்தில் சலூனில் தொழில் செய்துகொண்டே எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கி 2012 வரை நடத்தினார். ஆரம்பத்தில் சலூன்தான் சஞ்சிகைக் கந்தோரும். சலூனில் வாடிக்கையாளர் கதிரையில் அமர்ந்தால் கத்தரிக்கோலை எடுத்தே ஆகவேண்டும், கதை காத்திருக்கும். ஆனால் அமர்ந்தவர் பேசுவார், அந்தப் பேச்சு கதைக்குள் வரும். சிறுகதையும், குறிப்பும், ஆசிரியத் தலையங்கமும் அப்படியான இடைவெளிகளில் எழுதக்கூடியவை. தோப்பில் முஹம்மது மீரான் (1944 - 2019) திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். அவரது 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வருமுன் 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்தது. வியாபாரிக்குத் தொடர்கதை பொருத்தமான வடிவம் என்பேன். தவணைக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதானே. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்கு அவர் சாகித்திய அக்காதெமி விருது பெற்றபோது எங்கள் கடைத்தெருவில் நான் மட்டும் இனிப்புக் கொடுத்தேன். ஏனென்று பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். வியாபாரி ஒருவருக்குப் பரிசு கிடைத்திருக்கிறது என்றேன். லொத்தரா என்று கேட்டார்.

தலவாக்கலையில் தோட்டத் தொழிலாளியாகவே வாழ்ந்து எழுதியவர் மல்லிகை சி. குமார். 2020இல் மறைந்தார். 'மாடும் வீடும்' கவிதைத் தொகுதியும் 'மனுஷியம்' சிறுகதைத் தொகுதியும் அவரை நமக்கு நினைவூட்டும். பெரட்டுக்குப் போய்வந்த உடம்போடு எழுதியவர் அவர். 'வீரகேசரி' நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் தேறிய கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின. மலையகத்திலும் சபரகமுவவிலும் கவிதையும் சிறுகதையும் தழைத்த அளவுக்கு நாவல் ஏன் தழைக்கவில்லை என்று விமர்சகர்கள் அடிக்கடி கேட்பார்கள். அனுபவப் பரப்புப் போதாது என்பார்கள் சிலர். லயத்தில் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் நல்லது.

எழுதக் கொப்பியும் விளக்கும் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? வேலைக்குள்ளேயே செய்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) மலைநாட்டுத் தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கொழுந்தெடுக்கும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் பாடப்பட்டவை அவை. கிழக்கில் நமது பெண்கள் கட்டிய கவிகளும் அப்படியே. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போய் வந்து தொடரலாம், ஓசை மறக்காது. நாட்டார் இலக்கியம் என்று அதைத் தனி அறையில் வைத்துவிட்டோம். பெயர் தெரியாதவர்கள் பாடியது என்கிறோம். பெயர் எழுத அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917 - 1998) அந்தக் கோட்டைத் தாண்டியவர். மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. பன்னிரண்டு வயதில் திருமணம். நான்கு பிள்ளைகள், இளவயதிலேயே கணவரை இழந்தார். 1938இல் அவரது நாவல் வெளிவந்தபோது அதற்கு உ.வே. சாமிநாதையர் எழுதிக்கொடுத்தார். தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியர் அவரே. நாவலின் பெயர் 'காதலா? கடமையா?' கதைக்காக வைத்த பெயர்தான். ஆனால் எழுத உட்காரும் எந்தப் பெண்ணின் வீட்டு வாசலிலும் அதை ஒரு பலகையாக மாட்டலாம். இருபத்தோரு வயதில், நான்கு பிள்ளைகளோடு, ஒரு நாவல்! சித்திலெப்பையின் மூன்று ஆண்டுகளை அற்புதம் என்றால் இதை என்னவென்பது? நமது இலக்கிய மாநாட்டு மலர்களில் அவரைப் பற்றி ஒரு பந்திக்குமேல் கண்டதாக எனக்கு நினைவில்லை.

அவருக்கு அறுபது ஆண்டுக்குப் பின் துவரங்குறிச்சியிலிருந்து சல்மா. பருவமெய்தியதும் பாடசாலை நின்றது. பின்னர் திருமணம். கணவர் வீட்டில் எழுத்து விலக்கப்பட்டது. எல்லோரும் உறங்கியபின் கழிப்பறைக்குள் போய் எழுதியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' கவிதைத் தொகுதி, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல். ஓர் இரவு நேரத்தின் பெயரே நாவலின் பெயராகிவிட்டது. அவரைப் பற்றி 2013இல் கிம் லொங்கினொட்டோ ஆவணப்படம் எடுத்தார். 2025இல் அவர் இந்திய மாநிலங்களவைக்கும் சென்றார். சல்மாவின் எழுத்தைப் பற்றி நம்மிடையே பல கருத்துக்கள் உண்டு. இச்சஞ்சிகையின் வாசகர்களில் சிலருக்கு அது உவப்பாக இராது என்பதும் தெரியும். அதை வேறோர் இடத்தில் பேசலாம். நான் இங்கு கேட்பது ஒன்றே: ஏன் கழிப்பறை? ஒரு பெண் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டால் யாரும் காரணம் கேட்காத ஒரே இடம் அந்த வீட்டில் அதுதான்.

என் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். கடந்த பல வருடங்களாகக் காலை பத்து மணி முதல் லுஹர் வரை மனைவிதான் கடையில் நிற்கிறாள். முதலாளி எங்கே என்று கேட்பவர்களுக்கு டவுனுக்குப் போயிருக்கிறார் என்பாள். நான் பின்னறையில் இருப்பேன். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே பழகியிருந்தார்கள்: வாப்பா எழுதுறாங்க, சத்தம் போடாதீங்க. பிள்ளைகளின் உம்மாவுக்கு அப்படியொரு நேரம் ஒதுக்கப்பட்டதாக நினைவில்லை. தொழுகையில் நிற்கும்போதுகூட இளையவன் முந்தானையைப் பிடித்து இழுப்பான். என் இரண்டு நூல்களின் முன்னுரையிலும் அச்சகத்தாருக்கு நன்றி இருக்கிறது, அட்டைப்படம் வரைந்தவருக்கு நன்றி இருக்கிறது.

நமது எழுத்தாளர் சந்திப்புகளைப் பெரும்பாலும் அஸர் தொழுகைக்குப் பின் வைக்கிறோம். பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம். பெண்கள் வருவது குறைவு என்று அறிக்கையில் கவலையும் தெரிவிக்கிறோம்.

சென்ற மாதம் ராத்தாவைப் பார்க்க மாவனல்லைக்குப் போயிருந்தேன். அவர் மணமாகிப் போன ஊர் அது. பழைய பேச்சு வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று.

"நான் எங்க நிப்பாட்டின? நேரம் இல்லாமையா? நேரம் ஈந்திச்சி தம்பி. கொப்பியத் தொறந்தா ஆராவது கூப்பிடுவாங்க. போய்ட்டு வந்தா என்ன நெனச்சேன் எண்டே மறந்து போகும். பொறகு கொப்பியத் தொறக்கல்ல."

சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்.

"தொழுதுட்டு முஸல்லாவிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருப்பேன். தஸ்பீஹ் ஓதுறா எண்டு நெனச்சி ஒத்தரும் கூப்பிட மாட்டாங்க. அப்ப மனசுக்குள்ள வரி கட்டுவேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

நாற்பது வருடத்துக்கு மேலாக இது நடந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. மச்சானுக்கும் தெரியாமலே அவர் மவுத்தாகிவிட்டார். அன்றிரவு ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கினேன். இஷாவுக்குப் பின் ராத்தா ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏழு கவிதைகள். இரண்டுக்குக் கடைசி வரிகள் நினைவில் இல்லை. ஒன்று எங்கள் உம்மா காலமான அன்று கட்டியது. இன்னொன்று இறப்பர் மரத்தைப் பற்றியது. தினமும் ஒரே இடத்தில் வெட்டுப்படும் மரம் என்று அதில் வருகிறது. இத்தனை வருடம் அந்த மரங்களுக்கு நடுவே இருந்தும் எனக்கு வராத வரி.

இரண்டு தடவை பேத்தி வந்து கூப்பிட்டாள். இரண்டாவது தடவை நான் எழுந்து போய் அவளுக்குப் பால் சூடாக்கிக் கொடுத்தேன். அடுப்பு பற்றவைக்கும் கருவி எங்கே இருக்கிறதென்று ராத்தாவிடமே குரல் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இக்கவிதைகளை இச்சஞ்சிகைக்கு அனுப்ப விரும்புகிறேன். பெயர் போடாவிட்டால் தரலாம் என்கிறார் ராத்தா. பெயரோடுதான் என்கிறேன் நான். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.